1,40,000-உம் 63-உம்: அணு உலைக் கழிவுநீரில் டிரிட்டியத்தை எப்படி அளக்கிறார்கள்?

2023 ஆகஸ்ட் 24 அன்று 2011-இல் விபத்துக்குள்ளான ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்திலிருந்து சுத்திகரித்த தண்ணீரைக் கடலில் விடத் தொடங்கினார்கள். ஒரே தண்ணீருக்கு அன்று இரண்டு எண்கள் செய்தியில் அடிபட்டன. தொட்டியில் இருந்தபோது அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் லிட்டருக்கு 1,40,000 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு). கடல்நீர் கலந்து, வெளியேறத் தயாராக நின்றபோது எடுத்த மாதிரிகளில் 43 முதல் 63 பெக்கரல். எதிர்த்தவர்கள் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள், ஆதரித்தவர்கள் இரண்டாவதை. நடுவில் நின்று படித்தவர்களுக்கு யார் பொய் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தது.

இரண்டு எண்ணும் மெய்தான். டிரிட்டியம் பற்றிய எந்த எண்ணையும் தனியாகப் படித்தால் இந்தக் குழப்பம் வரும். எந்த இடத்துத் தண்ணீர், எவ்வளவு நேரம் எண்ணினார்கள், கருவியால் எந்த அளவுக்குக் கீழே பார்க்க முடியாது என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

## தண்ணீராகவே ஆகிவிடும் கதிரியக்கம்

சாதாரண ஹைட்ரஜனின் அணுக்கருவில் ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். கூட ஒரு நியூட்ரான் சேர்ந்தால் அது டியூட்டீரியம். டியூட்டீரியத்தால் ஆன தண்ணீரைத்தான் கனநீர் என்கிறோம். இரண்டு நியூட்ரான் சேர்ந்தால் டிரிட்டியம். இது நிலைத்து நிற்காது. பீட்டா துகள் எனப்படும் ஓர் எலெக்ட்ரானை உமிழ்ந்துவிட்டு ஹீலியம்-3 ஆகிவிடும். இருக்கும் டிரிட்டியத்தில் பாதி இப்படிக் கரைய 12.3 ஆண்டுகள் ஆகும். இதுவே அதன் அரை ஆயுள்.

நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். அலகு அவ்வளவு சிறியது என்பதால்தான் எண்கள் இவ்வளவு பெரிதாக வந்து மிரட்டுகின்றன. லட்சம் கோடி பெக்கரல் சேர்ந்தால் ஒரு டெரா பெக்கரல். ஃபுகுஷிமாவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் இருந்த மொத்த டிரிட்டியம் சுமார் 780 டெரா பெக்கரல் என்பது 2021-ஆம் ஆண்டுக் கணக்கு. ஒரு கிராம் டிரிட்டியம் ஏறத்தாழ 360 டெரா பெக்கரல். ஆக, பத்து லட்சம் டன்னுக்கும் மேலான தண்ணீருக்குள் ஒளிந்திருந்தது இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதல், அதாவது கால் சவரனுக்குக் கொஞ்சம் மேல்.

டிரிட்டியம் இயற்கையிலும் உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் அதை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. 1950-60களில் வானில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகள் அதைப் பன்மடங்கு பெருக்கின. மழைநீரில் அதன் அளவு 1963 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது.

அணு உலைக்குள் இது உருவாகும் வழி உலையின் வகையைப் பொறுத்தது. கூடங்குளத்தில் இருப்பது சாதாரணத் தண்ணீரைப் பயன்படுத்தும் உலை. அங்கே குளிர்விக்கும் நீரில் கலக்கும் போரான் நியூட்ரானை வாங்கிக்கொள்வதால் டிரிட்டியம் பிறக்கிறது. கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைகள் கனநீர் உலைகள். கனநீரில் ஏற்கெனவே டியூட்டீரியம் நிறைந்திருக்கிறது. இன்னொரு நியூட்ரான் சேர்ந்தால் போதும், டிரிட்டியம்தான். கனநீர் உலைகளில் டிரிட்டியம் அதிகம் உருவாவது அதனால். இரண்டும் தமிழ்நாட்டுக் கடற்கரையில்தான் நிற்கின்றன என்றாலும், டிரிட்டியம் விஷயத்தில் ஒன்றின் எண்ணை வைத்து மற்றதை மதிப்பிட முடியாது.

சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவை தண்ணீரில் கரைந்திருக்கும் அந்நியப் பொருள்கள். அவற்றை ரசாயன முறையில் பிடித்து நிறுத்தலாம். ஃபுகுஷிமாவில் ‘ஆல்ப்ஸ்’ என்ற சுத்திகரிப்பு அமைப்பு 62 வகைக் கதிரியக்கப் பொருள்களைக் குறிவைத்து அந்த வேலையைச் செய்கிறது. டிரிட்டியமோ தண்ணீர் மூலக்கூறின் ஓர் உறுப்பாகவே உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீரிலிருந்து தண்ணீரை வடிகட்டச் சொன்னால் எந்த வடிகட்டி என்ன செய்யும்? கனநீரிலிருந்து டிரிட்டியத்தைப் பிரிக்கும் ஆலை கனடாவின் டார்லிங்டனில் இருக்கிறது. அங்கே செறிவு அதிகம், நீரின் அளவு குறைவு. ஃபுகுஷிமாவில் இரண்டும் தலைகீழ்.

## மீன் மேல் கெய்கர் கருவி

கடற்கரையிலோ மீன் சந்தையிலோ கதிர்வீச்சு பட்டால் ஒலிக்கும் கையடக்கக் கெய்கர் கருவியை நீட்டிக் காட்டும் வீடியோக்கள் அந்த நாட்களில் நிறையச் சுற்றின. டிரிட்டியத்தைப் பொறுத்தவரை அவற்றுக்கு மதிப்பு பூஜ்யம். டிரிட்டியம் உமிழும் பீட்டா துகளின் அதிகபட்ச ஆற்றல் 18.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், சராசரி 5.7 தான். காற்றில் சுமார் 6 மில்லிமீட்டர் போனதும் நின்றுவிடும். தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. நம் தோலின் மேல் இருக்கும் இறந்த செல்களின் அடுக்கே அதற்குச் சுவர். கெய்கர் குழாயின் மெல்லிய சன்னலும் அப்படித்தான்.

எனவே கருவி டிக்டிக்கென்று ஒலித்தால் அது வேறு எதையோ பார்த்து ஒலிக்கிறது. ஒலிக்கவில்லை என்றாலும் டிரிட்டியம் இல்லை என்று ஆகாது. இரண்டு கட்சியினரும் இந்த வீடியோக்களைச் சான்றாகக் காட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

வெளியே வர முடியாத துகளை அளக்க ஒரே வழி, அளக்கும் பொருளைத் தண்ணீருக்குள்ளேயே கலந்துவிடுவது.

## ஆய்வகத்தில் நடப்பது

இதற்குரிய கருவியின் பெயர் திரவ சிண்டிலேஷன் கவுன்டர். துகள் பட்டால் மினுக்கும் ஒரு திரவமும், அந்த மினுக்கலை எண்ணும் கண்களும்தான் இதன் அடிப்படை. வேலை இந்த வரிசையில் போகும்:

1. காய்ச்சி வடித்தல். மாதிரி நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்துச் சேர்க்கிறார்கள். உப்பு, நிறம், மற்ற கதிரியக்கப் பொருள்கள் எல்லாம் கீழே தங்கிவிடும். தண்ணீரோடு தண்ணீராக இருக்கும் டிரிட்டியம் மட்டும் மேலே வரும். வடிகட்ட முடியாமல் தொல்லை தந்த அதே குணம் இங்கே உதவுகிறது.

2. காக்டெயில் சேர்த்தல். ஆய்வகத்தில் இதற்குப் பெயரே அதுதான். வடித்த நீரில் பத்து மில்லிலிட்டர் அளவு எடுத்து, மினுக்கும் பொருள் கலந்த திரவத்தோடு ஒரு சின்னக் குப்பியில் குலுக்குகிறார்கள். இப்போது ஒவ்வொரு டிரிட்டியம் அணுவும் மினுக்கும் பொருளை ஒட்டியே இருக்கிறது.

3. இருட்டில் வைத்தல். விளக்கு வெளிச்சம் பட்டதாலும் ரசாயன வினையாலும் காக்டெயில் தானாகவே கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அது அடங்கும்வரை குப்பியைக் கருவிக்குள் இருட்டில், குளிர்ச்சியில் விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு எண்ணினால் இல்லாத டிரிட்டியம் இருப்பதாகத் தெரியும்.

4. எண்ணுதல். குப்பியின் இரு புறமும் ஒளிப்பெருக்கிக் குழாய்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் மினுக்கலைக் கண்டால்தான் அது கணக்கில் சேரும். ஒன்று மட்டும் கண்டால் மின் இரைச்சல் என்று தள்ளுபடி.

5. திருத்தம். நடந்த சிதைவுகள் எல்லாம் கண்ணில் படுவதில்லை. மாதிரியில் மிச்சமிருக்கும் அழுக்கும் நிறமும் மினுக்கலை மங்கவைக்கும். இந்த மங்கலை க்வென்ச்சிங் என்பார்கள். டிரிட்டியம் அளவு முன்பே தெரிந்த குப்பிகளை வைத்து எவ்வளவு மங்கியது என்று கண்டுபிடித்து ஈடுகட்ட வேண்டும். நடைமுறையில் நான்கு சிதைவுக்கு ஒன்று எண்ணப்பட்டாலே நல்ல நிலை.

குறைந்த அளவுகளைப் பார்க்கும் ஆய்வகங்களில் இன்னொரு கவலை, வெளியிலிருந்து டிரிட்டியம் வந்து ஒட்டிக்கொள்வது. குப்பியைத் திறந்து வைத்தால் அறைக் காற்றின் ஈரப்பதமே உள்ளே போய்த் தண்ணீரோடு இடம் மாற்றிக்கொள்ளும். இருட்டில் முள் ஒளிரும் சில கைக்கடிகாரங்களில் டிரிட்டியம் இருப்பதால், அதைக் கட்டிக்கொண்டு மாதிரி எடுக்கப் போகக் கூடாது என்பது வழக்கம். பின்புலத்தை அறிய, டிரிட்டியம் எல்லாம் என்றோ சிதைந்து தீர்ந்துபோன பழைய ஆழ்நிலத்தடி நீரை இன்னொரு குப்பியில் வைத்து அதையும் எண்ணுகிறார்கள்.

## ‘கண்டறியப்படவில்லை’ என்றால் என்ன?

செய்திகளில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் சொல் இதுதான். பலர் இதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

லிட்டருக்கு 10 பெக்கரல் உள்ள தண்ணீரில் 10 மில்லிலிட்டர் எடுத்தால், குப்பிக்குள் இருப்பது 0.1 பெக்கரல். நிமிடத்துக்கு 6 சிதைவு. நான்கில் ஒன்றுதான் எண்ணப்படும் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை. டிரிட்டியமே இல்லாத குப்பியிலும் காஸ்மிக் கதிர், கருவியின் சுவர் என்று ஏதேதோ காரணத்தால் நிமிடத்துக்கு 4 எண்ணிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பின்புல இரைச்சல் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். ஒரு நிமிடம் எண்ணி 5 வந்தால் அது டிரிட்டியமா, இரைச்சலின் ஏற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது.

நீண்ட நேரம் எண்ணினால் ஏற்ற இறக்கம் சமன்படும். 1968-இல் லாயிட் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்த சூத்திரம்தான் இன்றும் உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. மேலே சொன்ன குப்பிக்கு அதைப் போட்டுப் பார்த்தால்:

- 100 நிமிடம் எண்ணினால், லிட்டருக்குச் சுமார் 6.4 பெக்கரலுக்குக் கீழே நம்பிச் சொல்ல முடியாது.
- 1,000 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம் எண்ணினால், அந்த எல்லை 2 பெக்கரலுக்கு இறங்கும்.

நேரத்தைப் பத்து மடங்கு ஆக்கினாலும் எல்லை மூன்று மடங்குதான் இறங்குகிறது. அவசரத்துக்கும் துல்லியத்துக்கும் இடையே ஆய்வகம் பேரம் பேசியாக வேண்டும்.

ஃபுகுஷிமாவில் இந்தப் பேரம் கண்ணெதிரே நடந்தது. தண்ணீர் விடத் தொடங்கிய மறுநாள், நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம் அருகே பத்து இடங்களில் எடுத்த கடல்நீரில் டிரிட்டியம் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருப்பதாக அறிவித்தது. அந்த எல்லை லிட்டருக்குச் சுமார் 10 பெக்கரல். இரண்டு நாள் கழித்து ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் பதினொரு இடங்களுக்கு அதே பதிலைச் சொன்னது. அதன் எல்லை 7 முதல் 8. அந்தப் பகுதிக் கடலில் டிரிட்டியம் வழக்கமாக லிட்டருக்கு 0.1 பெக்கரலை ஒட்டி இருக்கும். அப்படியானால் அளவு ஐம்பது மடங்கு ஏறி 5 ஆகியிருந்தாலும் இந்த இரண்டு அறிவிப்புகளிலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே வந்திருக்கும்.

இதைச் சொல்வதால் அறிவிப்பு மோசடி என்று ஆகாது. விரைவாக அளந்தது, ஏதாவது பெரிதாகத் தவறினால் உடனே நிறுத்துவதற்காக. நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் 350 பெக்கரல் வந்தால் காரணம் ஆராய வேண்டும், 700 வந்தால் நீர் வெளியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்பது டெப்கோவின் விதி. அந்த வேலைக்கு 10 பெக்கரல் எல்லை தாராளமாகப் போதும். ‘கடலில் மாற்றமே இல்லை’ என்று சொல்லத்தான் போதாது. ‘எல்லையைத் தாண்டவில்லை’ என்பது அமைச்சகங்களின் மேடையில் ‘மாற்றமே இல்லை’ என்று திரிந்துபோனது.

மாற்றம் உண்டா என்று பார்க்க வேறு முறைகள் வேண்டும். ஒன்று, மின்பகுப்பு. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் சாதாரண ஹைட்ரஜன் எளிதாக வாயுவாகிப் பறந்துவிடும். கனமான டிரிட்டியம் பின்தங்கும். அரை லிட்டரையோ ஒரு லிட்டரையோ இப்படிச் சுண்டவைத்து, மிஞ்சிய செறிந்த நீரை எண்ணினால் 0.1 பெக்கரல் அளவையும் பார்க்கலாம். கஷாயம் காய்ச்சும் பொறுமை வேண்டும், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று அதைவிட நுட்பமானது. தண்ணீரிலிருந்து கரைந்த வாயுக்களை எல்லாம் வெளியேற்றி, காற்றுப் புகாமல் மாதக்கணக்கில் மூடிவைக்கிறார்கள். டிரிட்டியம் சிதைந்து அதில் ஹீலியம்-3 சேரும். அதை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமாலைக் கருவியில் அளந்து டிரிட்டியத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

## எந்தத் தண்ணீரை அளந்தார்கள்?

சிண்டிலேஷன் கவுன்டர் நல்ல கருவி. பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே மாதிரியைப் பிரித்து அளந்தாலும் விடை ஒத்துப்போகிறது. ஃபுகுஷிமா தொட்டி நீரை சர்வதேச அணுசக்தி முகமை தன் ஆய்வகங்களிலும், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, தென்கொரியா, அமெரிக்க ஆய்வகங்களிலும் சோதித்தது. டெப்கோ துல்லியமாகவே அளக்கிறது என்று 2023-இல் அறிக்கை வெளியிட்டது. சண்டை போட வேண்டிய இடம் கருவி இல்லை. குப்பிக்குள் வந்த பத்து மில்லிலிட்டர், வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கான டன்னுக்குப் பிரதிநிதியா என்பதே கேள்வி.

சாம்பாரை அடிவரை கலக்காமல் மேலாக ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்த்தால் என்ன ஆகும்? அதைத் தவிர்க்க ஃபுகுஷிமாவில் அளப்பதற்கென்றே 30 தொட்டிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். பத்துப் பத்தாக மூன்று குழு. ஒரு குழு நீரை வாங்கும், ஒன்றில் அளவீடு நடக்கும், ஒன்று வெளியேற்றும். அளக்கும் குழுவின் பத்துத் தொட்டிகளையும் குழாயால் இணைத்து, சுமார் ஆறு நாள் நீரைச் சுற்றவிட்டுக் கலக்கிய பிறகே மாதிரி எடுக்கிறார்கள். டிரிட்டியத்தை மட்டும் அளக்க இவ்வளவு நாள் வேண்டாம். மற்ற கதிரியக்கப் பொருள்களையும் சேர்த்து முழுப் பகுப்பாய்வு முடிய இரண்டு மாதம் ஆகும்.

முதல் சுற்றின் எண்களை நாமே சரிபார்க்கலாம்:

1. ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 11 வரை விட்டது 7,788 டன். லிட்டருக்கு 1,40,000 பெக்கரலால் பெருக்கினால் சுமார் 1.1 டெரா பெக்கரல். அறிவித்த அளவும் அதுவே. ஆண்டுக்கு 22 டெரா பெக்கரல் என்பது உச்சவரம்பு.

2. நாளொன்றுக்கு விட்ட தொட்டி நீர் சுமார் 460 டன். அதனோடு கலந்த கடல்நீர் சுமார் 3,40,000 டன். ஏறத்தாழ 740 மடங்கு. 1,40,000-ஐ 740-ஆல் வகுத்தால் 189. குழாயில் தினமும் எடுத்த மாதிரிகளின் அளவும் அந்த அக்கம்பக்கத்திலேயே இருந்தது. தொடக்கத்தில் சோதனையாகக் கலந்து பார்த்த நீரில் வந்தவைதான் அந்த 43-உம் 63-உம்.

3. வெளியேறும்போது 1,500 பெக்கரலைத் தாண்டக் கூடாது என்பது டெப்கோ ஏற்றுக்கொண்ட வரம்பு. ஜப்பானியச் சட்ட வரம்பான 60,000-இல் இது நாற்பதில் ஒரு பங்கு.

கடல்நீர் கலந்ததால் மொத்த டிரிட்டியம் ஒரு பெக்கரல்கூடக் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். லிட்டர் கணக்கு 63 ஆனாலும் 189 ஆனாலும், கடலுக்குப் போனது 1.1 டெரா பெக்கரல்தான். கரையோரத்து மீனவருக்குச் செறிவு முக்கியம், கடலின் மொத்தக் கணக்குப் பார்ப்பவருக்கு மொத்தம் முக்கியம். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதைப் பதிலாகக் கொடுப்பதுதான் இரு தரப்பும் செய்தது.

நம்பிக்கைக் குறைவுக்கு டிரிட்டியத்தைத் தாண்டிய காரணமும் உண்டு. தொட்டி நீரின் பெரும்பகுதியில் டிரிட்டியம் தவிர்த்த மற்ற கதிரியக்கப் பொருள்களும் வரம்புக்கு மேல் இருப்பது 2018-இல்தான் பொதுவெளியில் பெரிதாகத் தெரியவந்தது. அதுவரை ‘டிரிட்டியம் மட்டும்தான்’ என்றே மக்கள் கேட்டிருந்தார்கள். அந்த நீரை மறுபடி ஆல்ப்ஸ் வழியாகச் செலுத்திய பிறகே விட வேண்டும். முதல் சுற்று நீரில் மற்ற பொருள்களின் கூட்டு விகிதம் (ஒவ்வொன்றின் அளவையும் அதன் வரம்பால் வகுத்துக் கூட்டியது) 0.28, 1-க்குக் கீழ் இருந்தால் அனுமதி. எண் சரியாக இருக்கிறது. ஆனால் ஒருமுறை பாதி விவரம் கேட்டவர்கள் அடுத்த எண்ணைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தப்புச் சொல்ல முடியாது. சீனா அன்றே ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியைத் தடைசெய்தது. 2024 அக்டோபரில் சீனா, தென்கொரியா, சுவிட்சர்லாந்து வல்லுநர்கள் நேரில் வந்து அங்கே மாதிரி எடுத்தார்கள். அளப்பவரும் விடுபவரும் ஒருவராகவே இருக்கும்போது இந்த மூன்றாவது கை அவசியம்.

## மீனுக்குள் இரண்டு வகை

மீன் உடலின் நீரில் இருக்கும் டிரிட்டியம், சுற்றியிருக்கும் கடல்நீரின் அளவையே பின்தொடரும். நீர் மாறினால் அதுவும் சீக்கிரம் மாறிவிடும். ஆனால் ஒரு சிறு பங்கு புரதம், கொழுப்பு போன்றவற்றின் கார்பனோடு பிணைந்துவிடுகிறது. அது உடலில் கூடுதல் காலம் தங்கும். அதனால் ஒரு பெக்கரலுக்கு மனித உடல் பெறும் பாதிப்பு, தண்ணீர் வடிவத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம் என்று சர்வதேசக் கணக்கு எடுத்துக்கொள்கிறது.

அளப்பதும் வேறு. மீனை உறையவைத்து ஈரத்தை முழுக்க உறிஞ்சி எடுத்தால் முதல் வகை கிடைக்கும். எஞ்சிய பொடியை ஆக்ஸிஜனில் எரித்து, அதில் உண்டாகும் நீரைச் சேகரித்து எண்ணினால் இரண்டாவது வகை. எரித்துக் கிடைக்கும் நீர் கொஞ்சமே என்பதால் எல்லையும் உயரும், நாளும் கூடும். ‘மீனில் டிரிட்டியம் இல்லை’ என்று மறுநாளே வரும் செய்தி எதுவானாலும், அது முதல் வகையைப் பற்றியது.

## ஏன் நாட்டுக்கு நாடு வரம்பு மாறுகிறது?

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 10,000 பெக்கரல். அமெரிக்கா 740. ஐரோப்பிய ஒன்றியம் 100. ஆஸ்திரேலியா 76,103. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஆளாளுக்கு ஒரு எண் போட்டது போலத் தோன்றும்.

ஆஸ்திரேலியாவின் அந்த விசித்திரமான எண்ணே சூட்சுமத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒருவர் நாளுக்கு 2 லிட்டர் என்று ஆண்டு முழுக்க 730 லிட்டர் குடிக்கிறார். ஆண்டுக்கு 1 மில்லி சீவெர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சுப் பாதிப்பின் அலகு) கதிர்வீச்சு வரை ஏற்கலாம் என்று வைத்துக் கணக்கிட்டால் விடை சரியாக 76,103. அதே கணக்கில் 0.1 மில்லி சீவெர்ட் போதும் என்றால் 7,610 வரும். அதை உலக சுகாதார நிறுவனம் முழுமையாக்கி 10,000 என்கிறது. அறிவியல் ஒன்றுதான், எவ்வளவு ஏற்பது என்ற முடிவுதான் பத்து மடங்கு வேறு. ஐரோப்பாவின் 100 ஆபத்து எல்லையே கிடையாது. அதைத் தாண்டினால் ‘எங்கிருந்து வருகிறது, கூட வேறு ஏதும் வருகிறதா என்று பார்’ என்னும் எச்சரிக்கை மணி. ஜப்பானின் 60,000 வெளியேறும் நீருக்கானது, குடிநீருக்கானது இல்லை. இவற்றை ஒரே அட்டவணையில் போட்டு ‘எங்கள் வரம்பு கடுமை, உங்கள் வரம்பு தளர்வு’ என்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

## தேதி போடாத எண்

வெளியேற்றம் முப்பது ஆண்டு அளவில் நீளும் என்பது திட்டம். அதற்குள் டிரிட்டியமும் சும்மா இருக்காது. ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் தானாகவே கரைந்துகொண்டிருக்கும். முப்பது ஆண்டு காத்திருந்த தொட்டியில் தொடக்கத்தில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. செறிவு குறைந்த தொட்டிகளை முதலில் திறந்து, செறிந்தவற்றைப் பின்னுக்குத் தள்ளியிருப்பது அதனால்தான்.

ஆய்வகத்துக்கும் இதே தலைவலி உண்டு. கருவியைச் சரிபார்க்க வாங்கிவைத்த, அளவு தெரிந்த டிரிட்டியக் குப்பியும் அலமாரியில் இருந்தபடியே சிதைகிறது. அதன் சான்றிதழில் பெக்கரலுக்குப் பக்கத்தில் ஒரு தேதி அச்சிட்டிருக்கும். எண்ணத் தொடங்குமுன் அந்தத் தேதியிலிருந்து இன்று வரை எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்ட பிறகே ஆய்வாளர் குப்பியைக் கருவிக்குள் வைக்கிறார்.